புத்தகத்தில் பூஜ்யம்

ஐபிஎல் ஏலத்தில் ஒரு பையன் பத்துக் கோடிக்குப் போனால் அது அவன் சம்பளம். கால்பந்தில் ஒரு பையன் பத்துக் கோடிக்குப் போனால் அந்தப் பணம் அவனை விட்டுக்கொடுக்கிற கிளப்புக்குப் போகிறது. அவன் சம்பளம் வேறு பேச்சு, வேறு காகிதம். வடசென்னை வியாசர்பாடியில் சாயங்காலம் பந்தும் கையுமாகத் திரிகிற பையன்களுக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிவதில்லை. வினிசியஸை ரியல் மாட்ரிட் எவ்வளவுக்கு எடுத்தது, லமீன் யமாலை பார்சிலோனாவிடமிருந்து தூக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் யூரோவில் ஒப்பிப்பார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் ‘பிளேயருக்குத்தாண்ணா’ என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நம்முடைய கால்பந்து லீகான ஐஎஸ்எல்லே 2015இல் உள்ளூர் வீரர்களை ஏலத்தில் வைத்தது. சுனில் சேத்ரியை மும்பை 1.20 கோடிக்கு எடுத்தது, அதுவும் சம்பளம்தான். விலை என்றாலே ஆளுக்குத் தருகிற கூலி என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

நான் மண்ணடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சின்ன வயதில் விங்கில் ஓடியவன். வேலைக்கு வந்தபிறகும் மைதானத்தை விட்டு விலகவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தம், டோர்னமென்ட் நுழைவுப் படிவம் என்று எந்தக் காகித வேலை வந்தாலும் அங்கே பையன்களுக்குப் பந்து பழக்குகிற மாஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார். கொஞ்ச காலமாக ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் பெரிய கிளப்புக்குப் போனால் தெருவே கொண்டாடுகிறது, பேனர் வைக்கிறது. ‘நம்ம ஊர் பேரு வெளிய தெரியுதுல்ல, அது போதும்’ என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு கிளப்பும் அடுத்த கிளப்பிடம் விலை சொல்லி வாங்குகிறது. முதன்முதலில் அந்தக் காலுக்குப் பந்தைப் பழக்கிய இடம் மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

கணக்கில் ஒரு பையன்

ஒரு கிளப் நூறு மில்லியன் யூரோ கொடுத்து ஒருவனை ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று வையுங்கள். அந்த நூறும் முதல் வருடமே செலவாக எழுதப்படாது. வருடத்துக்கு இருபது என்று ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதுவார்கள். மூன்றாம் வருட முடிவில் புத்தகத்தில் அவன் மதிப்பு நாற்பது. அப்போது அவனை அறுபதுக்கு விற்றால் லாபம் இருபது. லண்டனின் செல்சி கிளப் 2023 ஜனவரியில் முத்ரிக் என்ற வீரனை எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தது இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான். வருடங்கள் கூடினால் வருடாந்திரச் செலவு குறையும். அதைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஏஃபா அந்தக் கோடையிலேயே ‘எத்தனை வருட ஒப்பந்தம் போட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது’ என்று கட்டியது.

இப்போது அதே கிளப்பின் அகாடமியில் ஆறு வயதிலிருந்து வளர்ந்த ஒருவனைப் பாருங்கள். அவனை யாரிடமும் வாங்கவில்லை. சோறு, பயிற்சி, பூட்ஸ், பஸ் செலவு எல்லாம் அந்தந்த வருடச் செலவில் கரைந்துவிட்டது. புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். அவனை ஐம்பத்தைந்து மில்லியனுக்கு விற்றால் ஐம்பத்தைந்தும் லாபம். இங்கிலாந்து பிரீமியர் லீகில் மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று விதி இருந்த காலத்தில் செல்சி யாரை விற்றது? 2023இல் மேசன் மவுண்டை மான்செஸ்டர் யுனைடெடுக்கு, 2024இல் கோனர் கல்லகரை அத்லெடிகோ மாட்ரிடுக்கு. இருவருமே சின்னஞ்சிறு வயதில் அந்த கிளப்புக்குள் வந்தவர்கள். ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளை என்று நினைத்தவர்கள். வெளியே வாங்கியவனைவிட வீட்டில் வளர்த்தவனை விற்பதுதான் ஏட்டில் லாபம் என்று ஆக்கி வைத்த முறையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கணக்கு எழுதுகிறவனாகவே சொல்கிறேன், அந்தப் பூஜ்யம் பொய். பத்துப் பதினைந்து வருட உழைப்பை ஒரு வரியிலும் காட்டாத கணக்கு அது.

விலை எப்படி ஏறுகிறது என்பதற்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. வயது, ஆடும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற வருடம். 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு, ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைத்துக் காசு கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு கிளப்பும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் விற்கிறது. பால் போக்பா 2012இல் யுனைடெடை விட்டு யுவென்டஸுக்குப் போனபோது யுனைடெடுக்குக் கிடைத்தது பயிற்சிக்கான சொற்ப ஈட்டுத்தொகை. நாலு வருடம் கழித்து அதே பையனைத் திரும்ப வாங்க 89 மில்லியன் பவுண்டு கொட்டியது. மறுபக்கம் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ் இருக்கிறது, பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே ஆட விடுகிற கிளப். போனவனுக்குப் பதிலாக உலகத்தில் எங்கிருந்தும் ஒருவனைக் கொண்டுவர அதனால் முடியாது. அதனால் பிடித்து வைப்பதுதான் அதற்குப் பிழைப்பு. 2025 ஜூலையில் நிக்கோ வில்லியம்ஸ் 2035 வரைக்கும் கையெழுத்துப் போட்டான், அவனைத் தூக்க வேறு கிளப் கட்ட வேண்டிய விடுவிப்புத் தொகையையும் ஐம்பது சதவீதத்துக்கு மேல் உயர்த்தி.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் வில்லெம் டூ செய்தது. 2015இல் ஃப்ரெங்கி டி யோங்கை அயாக்ஸுக்கு ஒரே ஒரு யூரோவுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டார்கள், நாளைக்கு நீங்கள் விற்றால் அதில் எங்களுக்கு ஒரு பங்கு என்று. 2019இல் பார்சிலோனா அவனை 75 மில்லியனுக்கு வாங்கியபோது அந்தச் சின்ன கிளப்புக்குப் பல மில்லியன் வந்து சேர்ந்தது. பையனைப் பிடித்து வைக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நம்ம கிரவுண்டு

வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு, ஐசிஎஃப் சுற்று வட்டாரத்தில் பந்து எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னி மில்லும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் இருந்த இடத்தில் பந்து இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2018 மார்ச்சில் பெங்களூரில் சென்னையின் எஃப்சி 3-2 என்று ஐஎஸ்எல் கோப்பையை எடுத்த அணியில் இருந்த தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். அன்றைக்கு இங்கே அடித்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முல்லை நகர் மைதானத்துக்குப் பெயரும் உண்டு, அங்கே பையன்களுக்காக உழைக்கிற அமைப்புகளும் உண்டு. நான் போகிற கிரவுண்டு அதைவிட மிகச் சின்னது. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வீடுகள். கோல் போஸ்டுக்கு வலை கிடையாது. மழை பெய்தால் ஒரு கார்னரில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். மாஸ்டர் துறைமுகத்தில் லோடிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் வெளிச்சம் வருவதற்கு முன்னால் வந்துவிடுவார்.

அவரிடம் இருக்கிற ஒரே ஆவணம் ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. அட்டையில் சாமி படம். உள்ளே வருஷவாரியாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே டிக் அல்லது ‘ஆ’. ‘ஆ’ என்றால் ஆப்சென்ட். தொடர்ந்து ஒரு வாரம் ‘ஆ’ வந்தால் அவரே வீட்டுக்குப் போய்க் கேட்பார். சில பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறிப்புகள் இருக்கும்: ‘அப்பா ஆஸ்பத்திரி’, ‘பூட்ஸ் இல்லை, 6 நம்பர்’, ‘மீன் கடைக்குப் போறான், சாயங்காலம் மட்டும்’. சில பெயர்கள் பாதி வருடத்தில் நின்றுவிடும், அதற்குப் பிறகு கட்டங்கள் காலி. நான் அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம் நினைப்பேன், ஐரோப்பாவில் ஒரு அகாடமி கம்ப்யூட்டரில் வைத்திருப்பதைவிட ஒரு பையனைப் பற்றி இதில் அதிகம் இருக்கிறது. ஆனால் எந்த கிளப்பும், எந்த ஃபெடரேஷனும் இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாது.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபீஃபாவின் விதியில் முதல் கிளப்புக்குப் பங்கு இல்லாமல் இல்லை. 2001இலிருந்தே இருக்கிறது. நாடு விட்டு நாடு ஒரு வீரன் பணத்துக்குக் கைமாறினால் அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு அரை சதவீதம். இது அவன் ஆட்டத்தை நிறுத்தும் வரை, ஒவ்வொரு முறை விலைக்குப் போகும்போதும். இன்னொன்று பயிற்சி ஈட்டுத்தொகை. அவன் முதன்முதலில் வெளிநாட்டு கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், 23 வயது ஆகிற வருடம் முடியும்வரை நாடு விட்டு நாடு கிளப் மாறும்போதும் கட்ட வேண்டியது. ஆசியாவில் ஆகக் கீழான தரத்துக்கு வருடத்துக்கு 2,000 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணத்தைப் பிரித்து அனுப்புவதற்கென்றே பாரிஸில் ஓர் அமைப்பு இயங்குகிறது. கேட்டுப் போராட வேண்டியதுகூட இல்லை. எந்த வயதில் எந்த கிளப்பில் இருந்தான் என்று காட்டுகிற வீரனின் மின்னணுக் கடவுச்சீட்டில் உங்கள் கிளப் பெயர் இருந்தால் கணக்கு தானாக வரும்.

உங்கள் கிளப் பெயர் இருந்தால். அங்கேதான் எல்லாம் நிற்கிறது. மாஸ்டரின் கிரவுண்டு எந்தச் சங்கத்திலும் இணைக்கப்படவில்லை. அங்கே 12 வயதிலிருந்து 16 வயது வரை ஓடுகிற பையன் ஃபெடரேஷனின் பதிவேட்டில் இல்லவே இல்லை. 16 வயதில் ஓர் அகாடமி அவனை எடுத்துப் பதிவு செய்யும்போதுதான் அவன் பிறக்கிறான். அதற்கு முன்னால் இருந்த வருடங்கள் யார் கணக்கிலும் இல்லை.

ஒரு பக்கக் கடிதம்

சமீபத்தில் எங்கள் பையன் ஒருவனை வெளி மாநிலத்து அகாடமி ஒன்று எடுத்துக்கொண்டது. இடது கால் பையன், பதினாறு முடிகிறது. அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று சொன்னதும் அந்த அம்மா மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு அகாடமியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது, பிரின்ட் எடுத்துப் பழைய பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மாஸ்டர் என்னிடம் நீட்டினார்.

“இன்னா தம்பி எழுதிகிது இதுல?”

படித்துச் சொன்னேன். இந்தப் பையனை நாங்கள் பயிற்றுவித்தோம், அவன் போவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில், இன்றும் இனி எப்போதும் இவன் தொடர்பான பயிற்சித் தொகை, கிளப் மாறும்போது வருகிற தொகையில் பங்கு, வேறு எந்த உரிமையும் நாங்களோ எங்கள் சார்பில் வேறு யாருமோ கோரமாட்டோம் என்று இருந்தது. பதிவே இல்லாத ஒரு கிரவுண்டிடமிருந்து இப்படி எழுதி வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றால், அந்த உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை.

“கையெழுத்துப் போட்டா பையன் போவான். போடாங்காட்டி அவுங்க வேற பையனப் பாத்துக்குவாங்க. இதுல யோசிக்க இன்னா கீது?” என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார். நான் ஒரு நிமிஷம் பொறுங்கள் மாஸ்டர் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். நாளைக்கு இவன் ஒரு கோடிக்கு ஒரு வெளிநாட்டு கிளப்புக்குப் போனால், முறைப்படி பதிவு இருந்திருந்தால், 12, 13, 14, 15 என்று நாலு வருடத்துக்கு ஒரு சதவீதம், அதாவது ஒரு லட்சம் இந்தக் கிரவுண்டுக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லட்சத்தில் எத்தனை பந்து வாங்கலாம், கோல் போஸ்டுக்கு வலை போடலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. நான் எதிர்பார்த்தது, அந்தத் தொகையைக் கேட்டு அவர் மனம் மாறும் அல்லது பணம் எதுக்கு தம்பி என்று பெருந்தன்மையாகச் சொல்வார். இரண்டும் நடக்கவில்லை.

“ஒரு லட்சம்னே வெச்சிக்கோ. அது எனக்குக் குடுக்கறதா நீ சொல்ற. எனக்கு எதுக்கு? அந்த ஜான்சியோட தம்பி கீறானே, ரைட் பேக்கு. நாலு வருசமா டெய்லி காலைல இவன் எதுர்லதான் நின்னான். டெய்லி இவங்கிட்ட ஏமாந்தான். வுழுந்தான், எழுந்தான், மறுபடி நின்னான். அவன் நிக்காங்காட்டி இவன் யார வெச்சு கட் பண்ணக் கத்துகினு இருப்பான்? அவன் இப்ப பைக்ல சோறு டெலிவரி குடுத்துனுகிறான். குடுக்கறதுன்னா அவனுக்குக் குடுக்கச் சொல்லு.”

கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பையன் சென்ட்ரலில் ரயில் ஏறினான். அவர் சொன்னது மட்டும் என்னை விடவில்லை.

அந்தப் பேச்சை போஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே ஐரோப்பிய நீதிமன்றமே சட்ட மொழியில் பேசியிருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. ஒலிவியே பெர்னார் என்ற பிரெஞ்சுப் பையன் லியோன் கிளப்பில் மூன்று வருடம் பயிற்சி பெற்றான். 2000இல் லியோன் கொடுத்த தொழில்முறை ஒப்பந்தத்தை மறுத்துவிட்டு இங்கிலாந்தின் நியூகாஸிலுக்குப் போனான். லியோன் அவன் மேலேயே வழக்குப் போட்டது. தான் கொடுப்பதாகச் சொன்ன ஒரு வருடச் சம்பளத்தை, சுமார் 53,000 யூரோவை, நஷ்ட ஈடாகக் கேட்டது. 2010 மார்ச்சில் லக்சம்பர்க்கில் இருக்கிற அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பையனுடைய வருங்காலச் சம்பளத்தை வைத்து நஷ்ட ஈடு கேட்பது தவறு. ஆனால் பயிற்றுவித்ததற்கான செலவை ஈடு செய்யும் முறை இருக்கலாம். அந்தச் செலவைக் கணக்கிடும்போது தொழில்முறை வீரனாக ஆனவனுக்கு ஆன செலவை மட்டும் பார்க்கக்கூடாது, ஆகாமல் போனவர்களுக்கு ஆன செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபீஃபாவின் கணக்கிலும் இதே அம்சம் இருக்கிறது: ஒரு தொழில்முறை வீரனை உருவாக்க ஒரு கிளப் எத்தனை பேரைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது என்ற விகிதத்தால் செலவைப் பெருக்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் திசை மாறியது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது வளர்த்த இடத்துக்கு நன்றிக்கடன். அது கேட்பதற்கே கூச்சமாக இருக்கும், கொடுப்பவன் தயவு என்று ஆகிவிடும். மாஸ்டர் சொன்னதும் நீதிமன்றம் சொன்னதும் வேறு. போனவனின் விலைக்குள்ளே போகாதவர்களின் உழைப்பு இருக்கிறது. அவன் எதிரே நின்ற ரைட் பேக், அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பொடியன், கோலில் நின்று அவன் ஷாட்டை மார்பில் வாங்கியவன், இவர்கள் எல்லாரும் அந்தப் பொருளைச் செய்தவர்கள். லியோனில் அப்படி ஆகாமல் போனவர்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வியாசர்பாடியில் தினமும் தெரிகிறார்கள். எம்கேபி நகர் சிக்னலில் ஹெல்மெட்டோடு நிற்கிறார்கள். மூலக்கடையில் மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கால் இன்னமும் பந்தைக் கண்டால் நிற்காது.

பிடித்து வைப்பதா?

இதையெல்லாம் அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். “நீ பாட்டுக்குப் பணம் கேட்டு எழுதி, அவுங்க எம்புள்ளய வோணாம்னுட்டா யாரு தம்பி பதில் சொல்றது?” அவர் பயம் நியாயமானது. ஆரம்பத்திலேயே கட்டவேண்டிய தொகை என்று ஒன்று இருந்தால், அதே திறமையுள்ள இரண்டு பையன்களில் கட்ட வேண்டாதவனைத்தான் எடுப்பார்கள். வளர்த்தவனைக் காப்பாற்றப் போட்ட விதி வளர்ந்தவனின் வழியை அடைத்துவிடும்.

பிடித்து வைக்கும் கொடுமையை நான் கிட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் உள்ளூர் லீகில் ஆடிய எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு மேல் டிவிஷன் அணியிலிருந்து அழைப்பு வந்தது. அவன் இருந்த கிளப் ஆட்சேபணை இல்லைச் சான்று கொடுக்க மறுத்தது. சம்பளமும் கிடையாது, ஆடும் வாய்ப்பும் கிடையாது, பெயர் மட்டும் அவர்கள் பட்டியலில். சீசன் முழுக்க அவன் லைனுக்கு வெளியே நின்றான். அடுத்த வருடம் அந்த அழைப்பு இல்லை. இப்போது அவன் ஆடுவதில்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் இதே வகையான பிடித்து வைக்கும் முறைக்கு எதிராக நியூகாஸில் மேல் வழக்குப் போட்டு 1963இல் ஜெயித்தார். ஒரு மனிதனுடைய பிழைப்பை நியாயமின்றிக் கட்டிப்போடுகிற முறை என்று அங்கே அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. நம் மைதானங்களில் அது இன்னும் ஒரு கையெழுத்தாக, ஒரு முத்திரையாக உயிரோடு இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் வேறு மாதிரியான பிடிமானம் இருந்தது. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், ஏஜிஸ் ஆபீஸ் என்று அலுவலக அணிகள். இருபத்திரண்டு வயதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால் ஆட்டம் போனாலும் வாழ்க்கை போகாது. முழங்கால் உடைந்தாலும் மாதச் சம்பளம் வரும். அந்த அணிகள் யாரையும் விலைக்கு விற்றதில்லை, வாங்கியதும் இல்லை. கொடுத்தது ஓர் ஆயுள் உத்தரவாதம். இப்போது அந்த வழி குறுகிவிட்டது. இன்றைய பதினாறு வயதுப் பையனுக்கு மேலே ஐஎஸ்எல், கீழே டெலிவரி பைக். நடுவில் இருந்த படிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் அகாடமி நீட்டுகிற எந்தக் காகிதத்திலும் அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்.

எனவே நான் வந்து நிற்கிற இடம் இதுதான்: முன்பணம் கேட்க வேண்டாம், பையனைப் பிடிக்கவும் வேண்டாம். வில்லெம் டூ எழுதி வாங்கிய அந்த ஒரு வரி போதும். எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். அவனை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும் வரை எங்களுக்கு எதுவும் வேண்டாம். அவனை விலைக்கு விற்கிற நாள் வந்தால், உங்களுக்கு லாபம் வருகிற அன்றைக்கு, அதில் ஒரு சின்னப் பங்கு அவன் கூட ஆடிய கிரவுண்டுக்கு. வாங்குகிற கிளப்பும் விற்கிற கிளப்பும் அதைத் தாங்கும், பையன் சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை, அவன் வழியும் அடைபடாது. உள்நாட்டுக்குள்ளேயே நடக்கிற விற்பனைக்கு ஃபீஃபாவின் ஐந்து சதவீதம் இந்தக் கிரவுண்டுகளுக்கு உதவாது. அதனால் நம் காகிதத்திலேயே அந்த வரி இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவனுக்கோ பன்னிரண்டு வயதிலேயே கிளப் பெயரில் பதிவு இருக்க வேண்டும். அமெச்சூர் பதிவாக இருந்தாலும் செல்லும்.

போன மாதம் அப்படி ஒரு கடிதம் எழுதி வைத்தேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். முதல் பத்தி அப்படியே. இரண்டாவது பத்தியில் ‘எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்பதை எடுத்துவிட்டு அந்த ஒரு வரி. எங்களிடம் கோடையில் டிரயல்ஸுக்குப் போகக் காத்திருக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவன் கோல்கீப்பர். மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார், பணம் அவர் பெயருக்கு வரக்கூடாது, கிரவுண்டு பெயருக்கு வர வேண்டும். கிரவுண்டு பெயருக்கு வர வேண்டும் என்றால் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்குச் சங்கப் பதிவு வேண்டும். 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து துணைவிதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு பேர் கிடைத்துவிட்டார்கள். மாஸ்டர், நான், அந்த ரைட் பேக், மூலக்கடை மெக்கானிக், லைனுக்கு வெளியே ஒரு சீசன் நின்ற அந்தப் பையன், பிறகு பழைய ஆட்கள் இரண்டு பேர். துணைவிதியில் வருகிற பணத்தில் பாதி கிரவுண்டுக்கு, பாதி படிப்பையோ ஆட்டத்தையோ விட்டு நிற்கிற பையன்களுக்கு லைசன்ஸ், ஐடிஐ ஃபீஸ், மருத்துவச் செலவு என்று எழுதியிருக்கிறோம். இந்த வாசகத்தைச் சொன்னது ரைட் பேக்தான். இப்போது நிற்பது முகவரியில். சங்கத்துக்கு ஓர் அலுவலக முகவரி காட்ட வேண்டும், நாங்கள் ஏழு பேரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வியாசர்பாடி பக்கம் சொந்த இடம் இருந்து, முகவரிக்குச் சம்மதக் கடிதம் தரக்கூடியவர்கள் யாராவது இதைப் படித்தால் சாயங்காலம் கிரவுண்டு பக்கம் வந்து மாஸ்டரைக் கேளுங்கள்.